சுவரோரத்துப் பாத்தி

"ஐயா, தண்ணி வருது" என்று கீழே வாடகைக்கு இருக்கிற றெஜினா பேஸ்மென்ற் படியில் பாதி ஏறி நின்று சொன்னபோது அம்பலவாணர் குசினி மேசையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிறகு கதையாகச் சொல்லும்போது வெங்காயத்தைப் போட்டது போட்டபடி பாய்ந்து இறங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அவர் இன்னும் இரண்டு உரித்தார், மூன்றாவதையும் கையில் எடுத்தார். ஸ்காபரோவில் மழை பிடித்து இருபது நிமிடமாகிறது, ஆவணி மாதத்து இடிமழை, அந்த இருபது நிமிடமும் கூரைத் தண்ணீர் முழுவதும் பீலியால் திரண்டு வந்து தென்பக்கத்துச் சுவரோரம் சளசளவென்று விழுகிற சத்தத்தைக் காதில் வாங்காமல் இருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும், ரேடியோவைக் கூட்டி வைத்தார், தொண்டையைச் செருமினார், வெங்காயத்தோடு பேசினார்கூட. இப்போது அது படியேறி வந்து ஐயா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறது. மணி மூன்றேகால். மகள் வதனி வேலையால் வர ஆறாகும், மருமகன் கேதீஸ் ஐந்துக்கு வந்துவிடுவான், வந்து கீழே இறங்கிப் பார்ப்பான், போன சனிக்கிழமை அவன் றெஜினாவிடம் கதவடியில் நின்று சொன்னது இதே படியில் இன்னும் காயாமல் கிடக்கிறது: இன்னொருக்கா கீழ தண்ணி நிண்டால் குறை நினைக்காதேங்கோ தங்கச்சி, மாதக் கடைசியோட வேற இடம் பாருங்கோ. அவள் அதற்கு ஓம் அண்ணை என்றாள். ஒரு சண்டை பிடித்திருக்கலாம், சண்டை பிடித்திருந்தால் அம்பலவாணருக்கு நித்திரை வந்திருக்கும், சண்டைக்காரி போகட்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கலாம், ஓம் அண்ணை என்று சொல்கிற ஆட்களை என்ன செய்வது.

அவர் இறங்கினார். எழுபத்தாறு வயது முழங்கால் படிக்கு ஒரு முறைப்பாடு வைத்தது. கீழே இரண்டு அறை, ஒரு சின்னக் குசினி, தென்பக்கச் சுவரில் உச்சியிலே ஒரு முழ அகலத்து யன்னல், அதன் வழியே பார்த்தால் வெளியில் நிலம் கண்ணுக்கு நேரே தெரியும், புழு பார்ப்பதுபோல உலகத்தைப் பார்க்கலாம். அந்த யன்னலுக்கு நேர் கீழேதான், சுவரும் தரையும் சேருகிற மூலையில், ஒரு கோடு கறுத்திருந்தது, முதலில் வேர்வைபோல, பிறகு வேர்வை ஒன்றாகச் சேர்ந்து நாக்கு நீட்டி, நாக்கு தரையில் ஊர்ந்து, றெஜினாவின் கட்டில் காலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி கார்ப்பற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அவள் அதற்கு முன்னரே பெட்டிகளைக் கதிரைகளுக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தாள். நாலு பெட்டி. வாழைப்பழம் வருகிற மட்டைப்பெட்டிகள், வாயைக் கட்டியாயிற்று. சனிக்கிழமையே கட்டத் தொடங்கியிருக்கிறாள், ஒருவருக்கும் சொல்லாமல், இரவுவேலை முடிந்து பாண் பேக்கரியிலிருந்து வந்து நித்திரை கொள்ள வேண்டிய பகலில் கட்டியிருக்கிறாள். ஒரு பெட்டிக்கு மேலே கடித உறைகள், அவளுடைய அகதி வழக்கு விசாரணைக்கான கடிதம் இந்த விலாசத்துக்குத்தான் வரவேண்டும், இன்றோ நாளையோ என்று இரண்டு மாதமாக அவள் தபால்பெட்டியைப் பார்க்கிற பார்வையை அவர் மேல்வீட்டு யன்னலிலிருந்து பார்த்திருக்கிறார், அந்தக் கடிதம் வந்து வழக்கும் வென்றால்தான் ஊரில் பேசாலைக் கடற்கரையில் இருக்கிற புருசனையும் மகளையும் கூப்பிடலாம். விலாசம் மாறிக் கடிதம் தவறினால். அவர் அந்த நினைப்பை அதோடு நிறுத்தி, மொப்பை எங்கே வைத்தனீர் பிள்ளை என்று கேட்டார். அவள் ஏற்கனவே மொப்பும் வாளியும் பழைய துவாய்களும் கொண்டுவந்து அவர் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உடுப்புத் தோய்க்கிற மெசின் போடவில்லை என்றாள், குளித்தது நேற்று, அதுவும் இரண்டு நிமிடம், மணிக்கூட்டை வைத்துப் பார்த்துத்தான் குளிக்கிறாளாம், குழாய்கள் எல்லாம் பூட்டித்தான் இருக்கிறது ஐயா, வேணுமெண்டால் பாருங்கோ. தெரியும் பிள்ளை என்றார். தெரியும் என்ற சொல் வாயால் வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய சொல் என்று தெரிந்தது, நல்லகாலம் அவள் அதைக் கவனிக்கவில்லை, துவாயை விரித்துக்கொண்டிருந்தாள்.

மணிக்கூட்டை வைத்துக் குளிக்கிறாள். அது ஆரால் வந்தது. அம்பலவாணர் கடைசிப் படியில் குந்தி, நனைந்த துவாயை வாளிக்குள் பிழிந்து பிழிந்து, அந்தக் கேள்வியையும் பிழிந்தார். ஆனியில் ஒரு இராச்சாப்பாடு. கேதீஸ் வேலையிடத்தில் ஆரோடோ கொழுவிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், வதனி கறியைப் பரிமாறிவிட்டு அப்பா ஏதாவது சொல்லுங்கோவன் என்பதுபோலப் பார்த்தாள், அந்த வீட்டில் அவருக்கு இருக்கிற உத்தியோகம் அதுதானே, சிரிப்புக் காட்டுகிற உத்தியோகம். ஊரில் ஒரு புடலங்காய் இரவோடு இரவாக வளர்ந்து பக்கத்து வீட்டு யன்னலுக்குள் போய் மணி பார்த்துவிட்டு வந்த கதை அவர்களுக்குப் பழசாகிவிட்டது. தோட்டத்துக் கிணற்றில் விழுந்த அவருடைய செருப்பு மூன்றாம் நாள் காங்கேசன்துறைக் கடலில் ஒரு மீனின் தலையில் தொப்பியாக மிதந்த கதையும் பழசு. புதுசாக ஒன்று வேண்டியிருந்தது. கீழே இருக்கிற பிள்ளை குளிக்கப் போனால் ஒன்டாரியோ ஏரியில் தண்ணீர் ஒரு அடி இறங்குது என்றார், கடற்கரைச் சனம்தானே, தண்ணிக்குள்ள தலையை வைக்காட்டி மூச்சு வராது, நேற்றுக் குளியலறைக் கதவடியில் ஒரு சூடைமீன் வெளியில் வந்து கொஞ்சம் மெதுவாகக் குளிக்கச் சொல்லுங்கோ எண்டு என்னட்ட அழுதது. கேதீசுக்குச் சோறு மூக்கில் ஏறியது. அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாள். அம்பலவாணருக்கு அன்றைக்கு உச்சி குளிர்ந்தது, அடுத்த நாளும் அதை வளர்த்தார், அதற்கடுத்த நாளும், ஒரு நல்ல விதை கிடைத்தால் நட்டுத் தண்ணீர் ஊற்றாமல் விடுகிற ஆளா அவர், ஆடி மாதம் பேஸ்மென்றில் முதல் தடவை தண்ணீர் கண்டபோது அந்தக் கதை காய்த்து முற்றித் தயாராக நின்றது, கேதீஸ் கையை நீட்டிப் பறித்துக்கொண்டான், அவதான் மணிக்கணக்காக் குளிக்கிறவவாம், மாமாவே கண்டவர். மாமாவே கண்டவர். சூடைமீன் அழுததையும் மாமா கண்டவர்தான், அதை ஏன் ராசா விட்டுவிட்டாய். பகிடியாகச் சொன்னது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பகிடிதான். முழுக்கப் பகிடியா. கடற்கரைச் சனம் என்று சொன்னபோது நாக்கின் அடியில் ஏதோ ஒரு சின்னக் கசப்பு ருசியாக இருந்ததா இல்லையா, அவருடைய பெரியப்பா மீன்காரியைப் படலைக்கு வெளியே நிற்கவைத்துப் பேரம் பேசுகிற குரல் அந்தச் சொல்லுக்குள் இருந்ததா இல்லையா. எட்டாயிரம் மைல் கடந்து வந்தும் அந்தப் படலை கூடவே வந்திருக்கிறது, பிளேனில் அதற்கு ஒரு சீற்றும் கேட்கவில்லை. அவர் துவாயை இன்னும் இறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் துப்பரவாக இருந்தது. சவர்க்கார நுரை இல்லை. அதை அவர் பார்க்கவில்லை. பார்த்தார், பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டார்.

அந்த விரல். இல்லை, விரலை விடு. மழை எப்போது விடும், மூன்றரைக்குள் விட்டால் ஐந்துக்குள் காயவைத்து விடலாம், ஃபானைப் போட்டு, துவாய்களை ஒளித்து, கேதீஸ் வர முன்னர் ஒரு வாசனைக்குச்சியும் கொளுத்தினால், போன கிழமை அப்படித்தான் பாதி தப்பியது, கார்ப்பற்றுக்கு மேலே அவன் காலை வைக்காமல் இருந்திருந்தால் முழுக்கத் தப்பியிருக்கும். காலுறை நனைந்து அவன் நின்ற நிலை. பிறகு அவன்தான் அந்த ஆளைக் கூப்பிட்டான், பேஸ்மென்ற் திருத்துகிறவர், போர்த்துக்கீசக் கிழவன், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தான், வீட்டில் அம்பலவாணரைத் தவிர ஒருவரும் விழித்திருக்கவில்லை, றெஜினா வேலையால் வந்து படுத்துவிட்டாள். வந்தவன் உள்ளுக்குள் கூட வரவில்லை. வீட்டைச் சுற்றிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை, அவ்வளவுதான், கல்யாண வீட்டில் சாப்பாட்டைப் பார்க்கிற சம்பந்தி மாதிரி. தென்பக்கத்தில் வந்து நின்றான். அம்பலவாணரின் பாத்தி அங்கேதான், சுவரை ஒட்டி இருபத்திரண்டு அடி நீளம், சூடு பிடிக்கிற செங்கல் சுவர், கனடா வெயிலை அந்தச் சுவர் வாங்கிவைத்து இரவில் செடிக்குக் கொடுக்கும், அதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு கோடைகாலம் எடுத்தது. மிளகாய், கத்தரி, தக்காளி, பந்தலில் பாவல், புடல், வளைந்து போகாமலிருக்க ஒவ்வொரு புடலங்காயின் நுனியிலும் ஒரு கல் கட்டித் தொங்கும். இந்த வருசம்தான் சுவரடியில் ஒரு வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் போட்டு முழங்கால் உயரத்துக்கு வரம்பு கட்டி, ஒரு சொட்டு வெளியே போகாமல். கூரைத் தண்ணீரைப் புல்லுத்தரைக்குக் கொண்டுபோக பீலிக் குழாயின் அடியில் ஆறடி நீளத்துக்கு ஒரு தகரக் குழாய் மாட்டியிருந்தார்கள், புல்லுக்கு எதற்குத் தண்ணீர், புல்லை ஆர் தின்னுவது, அதைக் கழற்றிப் பந்தலுக்குக் குறுக்குத்தடியாகப் போட்டுவிட்டார், பீலி நேரே வாய்க்காலில் விழுந்தது, மழை பெய்தால் வாய்க்கால் நிரம்பிக் குளமாக நிற்கும், அடுத்த நாள் பார்த்தால் எல்லாத்தையும் நிலம் குடித்திருக்கும். நல்ல நிலம், எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும் என்று சந்தோசப்பட்டார். அந்தக் கிழவன் அதைப் பார்த்தான். குனிந்து ஒரு காய்த்தக்காளியைக் கேளாமல் பிடுங்கி, பாத்திக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்து, பலகையில் தக்காளியை வைத்தான். அது உருண்டது. மெதுவாக, ஒரு பிள்ளை தாயிடம் போவதுபோல உருண்டு போய்ச் சுவரில் டொக் என்று முட்டி நின்றது. கிழவன் விரலை நீட்டினான், முதலில் பீலிக்கு, பிறகு வரம்புக்கு, பிறகு சுவருக்கு, பிறகு கீழே, சின்ன யன்னலுக்குள். பிறகு என்னவோ சொன்னான். அம்பலவாணருக்கு இங்கிலீஷ் குறைவு என்று எல்லாருக்கும் தெரியும், அது அவருக்கு எத்தனையோ இடத்தில் உதவியிருக்கிறது, ஆனால் அந்த விரல் பேசியது இங்கிலீஷ் இல்லையே. பின்னேரம் கேதீஸ் என்ன சொன்னான் மாமா என்று கேட்டான். உள்ளுக்குத் தண்ணிப் பாவனை கூடவாம், என்றார் அம்பலவாணர், பார்த்துச் சொல்லுறானாம். சொல்லும்போது குரல் ஒரு இடத்திலும் தட்டவில்லை. எத்தனை வருசத்துப் பழக்கம்.

ஏன் சொன்னாய் என்று இப்போது அவரே அவரைக் கேட்டார், றெஜினா வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வருகிற இடைவெளியில். பாத்தியைத் தட்டச் சொல்லுவார்கள் என்று. தட்டினால் என்ன, ஐந்து புடலங்காய். ஐந்து இல்லை, கோயிலுக்குப் போனால் அம்பலவாணர் அண்ணையின்ர புடலங்காய் என்று நாலு பேர் கேட்பார்கள், முந்தாநாள் ஒரு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து கல் கட்டியிருக்கிறதைப் படம் எடுத்துக்கொண்டு போனாள், ஏழு வருசத்தில் இந்த நாட்டில் அவர் செய்து ஒருவர் நின்று பார்த்தது அந்த ஒன்றைத்தான். அது இல்லாவிட்டால் அவர் ஆர், மேலே சின்ன அறையில் இருந்து தபால்காரன் வருவதைப் பார்க்கிற ஒரு ஆள், சாப்பாட்டு மேசையில் பகிடி விடுகிற ஒரு ஆள். அதுவும் இல்லை, அதைவிடப் பயம் வேறொன்று. வதனி அப்பா என்று சொல்லுவாள். கோபமாக இல்லை, கோபமென்றால் பரவாயில்லை, மெதுவாக, பெருமூச்சை உள்ளே வைத்துக்கொண்டு, பாலைக் கொட்டிய பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற மாதிரி அப்பா என்பாள், போன வருசம் அடுப்பை அணைக்காமல் விட்டபோது அப்படிச் சொன்னாள், அதற்குப் பிறகு அடுப்புப் பக்கம் அவர் தனியாகப் போகக்கூடாதென்று வந்தது, வெங்காயம் உரிப்பதோடு சரி. இப்போது மண்வெட்டியையும் வாங்கி வைத்துவிடுவார்கள். றெஜினா வெறும் வாளியோடு வந்தாள். அவருடைய காலுக்குக் கீழே ஒரு மடித்த துவாயை வைத்தாள், குளிரும் ஐயா, காலைத் தூக்கி இதில வையுங்கோ. அவர் காலைத் தூக்கி வைத்தார். பத்தொன்பது நாள் கழித்து நடுத்தெருவில் நிற்கப்போகிற பொம்பிளை அவர் காலுக்குத் துவாய் வைக்கிறாள்.

தண்ணீர் வேகம் பிடித்தது. கோடாக வந்தது இப்போது விளிம்பு முழுக்கக் கசிந்து யன்னல் சுவரை ஒட்டி ஒரு சின்ன ஓடை போட்டது, அவர் முட்டுக்காலில் குந்தித் துவாயை அதில் நனைத்து முகத்துக்கு நேரே தூக்கிப் பிழியும்போதுதான் அந்த மணம் வந்தது. மீன் மணம். கேதீஸ் சொல்லுவானே, கீழ ஒரே மீன் வெடுக்கு என்று, அதே வெடுக்கு. இன்றைக்கு மீன் சமைச்சனீரோ பிள்ளை என்று கேட்டார், கேட்கும்போதே அதற்குள் ஒரு நப்பாசை இருந்தது, ஓம் என்று சொல்லு, ஒரு துண்டுக் கருவாடாவது பொரிச்சனான் என்று சொல்லு. அவள் நிமிராமல் சொன்னாள்: "நான் மீன் வாங்கி ஒரு மாசமாகுது ஐயா. கேதீஸ் அண்ணை மணக்குது எண்டு சொன்னவர். அதுக்குப் பிறகு இந்த வீட்டுக்குள்ள நான் மீன் கொண்டு வரேல்ல." பேசாலையில் பிறந்து, தகப்பனும் தமையன்மாரும் வள்ளத்தில் போகிறவர்கள், ஒரு மாதமாக மீன் தின்னவில்லை. துவாயை மறுபடி மூக்கடியில் பிடித்தார். பாரைமீன். ஞாயிற்றுக்கிழமை வதனி வாங்கிவந்த பாரை, செதில் உரித்துக் கழுவிய தண்ணீரை அவர்தான் ஒரு வாளியில் பிடித்துக்கொண்டு போய்ப் புடலடியில் ஊற்றினார், ஒவ்வொரு ஞாயிறும் ஊற்றுவார், அதற்கு மிஞ்சிய பசளை கிடையாது, மீன் தின்னாத செடி காய்க்காது என்று கேதீசுக்கே கதை சொல்லியிருக்கிறார். அந்த வாளி சுவரைத் துளைத்து, நாலு நாள் நடந்து, இதோ வந்து அவர் கையில் சொட்டுகிறது. அவருக்குச் சிரிப்பு வந்தது. துவாயை வாளிக்குள் போட்டார்.

உனக்குத் தெரியாதா என்றது உள்ளே ஒன்று. புன்னாலைக்கட்டுவனில் இருபது வயதில் இறைப்புக்கு நின்ற ஆள் நீ, அறுநூறு கன்று வெங்காயத்துக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் போதும், வாய்க்காலின் சத்தம் ஒரு இழை மெலிந்தால் எந்த வரம்பில் எந்த இடத்தில் எலி வளை வைத்திருக்கிறது என்று போய்க் குதிக்காலால் மிதித்து அடைப்பாய், ஒருநாளாவது பிழைத்ததா. தண்ணீர் போகிற இடம் தெரியாது என்று நீ சொன்னால் நம்ப எவனாவது இருக்கிறானா. அந்தப் போர்த்துக்கீசன் வர வேண்டியிருந்ததா உனக்கு. ஆடி மாதம் முதல் தடவை கீழே தண்ணீர் கண்டபோதே, மேலே பீலி கொட்டுகிற சத்தம் வாய்க்காலில் நிறைகிறதும் பிறகு நிறையாமல் எங்கேயோ இறங்குகிறதும் உனக்குக் கேட்டது. கேட்டது. கேட்டுக்கொண்டுதான் சூடைமீன் கதை சொன்னாய். அம்பலவாணர் எழும்பினார். எங்க ஐயா என்றாள் றெஜினா. எலி வளை ஒண்டு கிடக்குப் பிள்ளை, மிதிச்சுப்போட்டு வாறன் என்றார், அவளுக்கு விளங்கவில்லை, விளங்கவைக்க நிற்கவில்லை, கராஜில் மண்வெட்டி இருந்தது.

வெளியே மழை கண்ணைத் திறக்கவிடவில்லை. செருப்பு முதல் அடியிலேயே சேற்றுக்குள் போய்விட்டது, விட்டுவிட்டார். பீலி வாய்க்காலில் யானை மூத்திரம் பெய்வதுபோலக் கொட்டியது, சுவரடியில் வரம்பு மட்டத்துக்குக் குளம், குளத்தில் அவருடைய மிளகாய்ப் பூக்கள் மிதந்தன, பந்தலில் புடலங்காய்கள் கல்லோடு ஆடின. பிறகு கதையாகச் சொல்லும்போது ஒரே வெட்டில் என்று சொல்லலாம். ஏழு வெட்டு எடுத்தது, நாலாவதில் இளைத்து மண்வெட்டிப் பிடியில் சாய்ந்து நின்றார். ஏழாவதில் வரம்பு உடைந்தது. தேங்கி நின்றதெல்லாம் பழுப்பாகப் பாய்ந்து புல்லுக்கு மேலால் வீதிப் பக்கம் ஓடியது, அவர் கட்டிவைத்த மண்ணையும் கூட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல். பிறகு பந்தல். தகரக் குழாயைக் குறுக்கே இருந்து உருவ வேண்டுமென்றால் கொடியை அறுக்க வேண்டும், கத்தி எடுத்து வரவில்லை, கையாலே பிய்த்தார், பச்சை மணம், ஒரு புடலங்காய் தோளில் விழுந்தது, இன்னொன்றின் கல் காலில் விழுந்தது, குழாய் வந்தது. பீலி வாயில் செருகிப் புல்லுப் பக்கம் திருப்பினார். சத்தம் மாறியது. அவ்வளவுதான், ஒரு சத்தம் நின்று வேறொரு சத்தம் தொடங்கியது. சேற்றில் முழங்கால் ஊன்றிச் சின்ன யன்னலால் உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் துவாய்கள் கறுத்தபடியே கிடந்தன. பிறகு றெஜினா ஒன்றைப் பிழிந்து மூலையில் அழுத்தினாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி அழுத்தினாள், எடுத்துப் பார்த்தாள். வெளியே மழை குறையவேயில்லை. உள்ளே தண்ணீர் நின்றுவிட்டது.

கேதீசின் கார் ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போதே வந்தது. குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்தவன், மாமா உங்களுக்கு விசரே, காய்ச்சல் வரப்போகுது, உள்ளுக்கு வாங்கோ என்று பிடித்திழுத்தான், பிறகுதான் பந்தல் கிடந்த கிடையைக் கண்டான். இதாரு செய்தது. நான்தான் என்றார். ஏன். அம்பலவாணர் வாயைத் திறந்தார். எத்தனையோ ஆயிரம் கதை சொன்ன வாய். எங்கே தொடங்குவது, எங்கே கொஞ்சம் உப்புப் போடுவது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று அதற்குத் தானாகத் தெரியும், இதற்கு ஒன்றும் தெரியவில்லை, இது சப்பென்று வந்தது. பேஸ்மென்றுக்குத் தண்ணி என்ர பாத்தியால வந்தது, அந்தப் பிள்ளையால இல்ல, மீன் மணமும் என்ர, செவ்வாய்க்கிழமை வந்தவனும் இதைத்தான் காட்டினவன், நான் உனக்குப் பொய் சொன்னனான். கேதீஸ் குடையை அவர் தலைக்கு மேலே பிடித்தான். பிறகு சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை, அன்பான சிரிப்புத்தான், அதுதான் குத்தியது. "மாமா, அவவை வீட்டைவிட்டு எழும்பச் சொல்லுறது எனக்கும் கஷ்டம்தான். அதுக்காக உங்கட தோட்டத்தையும் பிடுங்கிப்போட்டு இப்பிடி ஒரு கதை விடுறதே. உங்கட கதையள் எனக்குத் தெரியாதோ."

மழை குடையில் பொரிந்தது. நல்ல மனுசன், இவனுக்காகத்தானே அந்த மீனையே கூட்டிவந்து அழவைத்தேன். இவனிடம் எதைச் சொன்னாலும் சிரிப்பான், ஏழு வருசமாகச் சிரிக்கப் பழக்கியது ஆர். அம்பலவாணர் குடைக்கு வெளியே வந்தார். கீழ போய் அந்தச் சுவரைப் பார் தம்பி, என்றார், ஒரு பத்து நிமிசம் பார், ஒரு கதையும் கேட்க வேண்டாம். அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று கேதீசைப் போகவைத்தது. அவன் போனதும் அவர் தகரக் குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, உடைந்த வரம்பால் ஓடிப்போனது. அடைக்க வேண்டும். மண்ணை இழுத்துப் போட்டார், அள்ளிக்கொண்டு போனது. ஊரில் உடைப்பெடுத்தால் மண் வருகிறவரைக்கும் ஆள்தான் உட்காருவது; அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உடைப்பிலே உட்கார்ந்தார், முதுகை வீதிக்குக் கொடுத்து, இரண்டு பக்கமும் கையால் சேற்றை அணைத்து, எழுபத்தாறு வயது வரம்பாக. தண்ணீர் வந்து வயிற்றில் முட்டியது. குளிர்ந்தது. ஏறியது. வேலிக்கு அப்பால் அந்த வெள்ளைக்காரி யன்னலில் நின்று பார்த்தாள், பார்க்கட்டும். இந்த ஒரு கதையாவது அவர் சொல்லாமல் தானாக நடந்து போய் ஒருவன் காலை நனைக்க வேண்டும், நனைக்குமா, நிலம் இன்றைக்கென்று பார்த்துக் குடிக்காமல் விட்டால், எலி வளை அடைபட்டுப் போயிருந்தால், அப்போதும் சிரிப்பான், மாமாவின்ர கதை என்று அன்பாகச் சிரிப்பான், அவள் நாலு பெட்டியோடு போவாள். குடி நிலமே. ஏழு வருசத்தில் அவர் ஒன்றை இவ்வளவு மன்றாடிக் கேட்டதில்லை. தண்ணீர் அவரைச் சுற்றிச் சுழன்றது, ஒரு மிளகாய்ப்பூ மடியில் வந்து தங்கியது, பிறகு, அவருக்கு மட்டும் தெரிகிற அந்த ஒரு இழை, சத்தம் மெலிந்தது. இறங்குகிறது.

சின்ன யன்னலுக்குள் கேதீசின் கால்கள் தெரிந்தன, நின்ற கால்கள் ஒரு அடி பின்னால் போயின. அவன் குந்தினான். கையை நீட்டினான், ஒரு விரல், சுவரும் தரையும் சேருகிற மூலையைத் தொட்டது, தொட்ட விரலை மூக்கடிக்குக் கொண்டுபோனான். பிறகு அந்த விரல் மெதுவாகச் சுவரோடு மேலே ஏறி, யன்னல்வரைக்கும் வந்து, அம்பலவாணருக்கு நேரே நின்றது. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவருக்கு அது ஒரு பெரிய மரியாதைபோல இருந்தது. என்ன சொன்னான் என்று வெளியே காதில் விழவில்லை, றெஜினாவின் பக்கம் திரும்பித்தான் சொன்னான், நெடுநேரம் சொன்னான், தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவள் அவனையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. கதிரையிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிக் கட்டிலில் வைத்தாள், அந்தக் கதிரையை யன்னலடிக்கு இழுத்து அதில் ஏறினாள். அவள் முகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நிலத்தின் மட்டத்தில், அவருடைய முகத்துக்கு நேரே வந்தது. வயிறுவரை தண்ணீரில் உட்கார்ந்திருக்கிற கிழவனை அவள் பார்த்தாள். அதில் கோபம் இருந்ததா, இருந்திருக்கும், ஒரு மாத மீன் இருந்திருக்கும். கையைத் தூக்கிக் கண்ணாடியில் இரண்டு தரம் தட்டினாள், குழாயைக் காட்டி அப்பால் தள்ளுகிற மாதிரிக் கையை வீசினாள், சத்தம் போட்டே சொன்னாள், இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது மாதத்தில் அவள் அதட்டி ஒருவருக்கும் ஒன்றும் சொன்னதில்லை.

"காணும் ஐயா. எழும்புங்கோ."

அம்பலவாணர் எழும்பினார். தண்ணீர் அவரைத் தாண்டி ஓடியது.